தார் ரோட்டில் இரண்டு கோடு

வெள்ளிமலை,
29-9-87

அன்புள்ள மாமாவுக்கு, அருள்மொழி எழுதிக்கொண்டது.

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க மனசு வரவில்லை. நீங்கள் நலமாகத்தான் இருக்கிறீர்கள். நேற்று முதல் பஸ்ஸில் வந்த கண்டக்டரே சொன்னார்: "சாரு சைக்கிள்ல ஸ்கூலுக்குப் போய்க்கினுதான் இருக்காரு டீச்சர்." அப்புறம் தலையைச் சொறிந்துகொண்டு, "உங்க தம்பியத்தான் போலீசு புடிச்சினு போயிட்டாங்க" என்றார். என் தம்பி ஜெயிலில் இருக்கிற செய்தி, கட்டிய புருஷன் நீங்கள் இருக்கும்போது, கண்டக்டர் வாயால் எனக்கு வர வேண்டுமா?

இட ஒதுக்கீட்டு மறியல் நடந்த வாரம் முழுக்க மலைக்கு பஸ் இல்லை, தபால் இல்லை. வழி நெடுக மரத்தை அறுத்துப் போட்டிருந்தார்கள், ஒத்துக்கொள்கிறேன். ரோடு திறந்த பிறகும் ஒரு கார்டு போட உங்களுக்குக் கை வரவில்லையே, அது ஏன்?

பிடித்துக்கொண்டு போனவர்களில் பாதிப்பேருக்கு மேல் வீட்டுக்கு வந்துவிட்டார்களாம். தம்பி அய்யப்பனை மட்டும் சப் ஜெயிலில் வைத்திருக்கிறார்களாம். கச்சிராயபாளையம் ரோட்டில் யாரோ சுண்ணாம்பால் பெரிசு பெரிசாக இங்கிலீஷில் எழுதியிருந்தார்களாம். இங்கிலீஷ் எழுதுகிறவன்தான் கூட்டத்தைக் கூட்டியவன் என்று போலீஸ் முடிவு கட்டிவிட்டதாம். நவம்பர் ஒன்பதாம் தேதி அவனுக்கு ரயில்வே இன்டர்வியூ. பெயரில் கேஸ் இருந்தால் அவர்கள் வாசற்படி ஏறவிடுவார்களா? சின்னசேலம் ஸ்டேஷனில் நின்று போகிற வருகிற வண்டியை வேடிக்கை பார்த்தே வளர்ந்த பிள்ளை அவன்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அவன் நம் வீட்டில்தான் தங்கிப் படித்தான். அவன் பெயரைப் போலீஸிடம் சொன்னது யார்? உங்கள் வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் கேட்கிறேன்.

நீங்கள் எழுதிக் கொடுத்த சொல் அட்டைகளை வைத்து இங்கே 'அன்' நடத்தினேன். ஹாப்பிக்கு முன்னால் அன் போட்டால் அன்ஹாப்பி என்று சொன்னதும், பூமாலை என்கிற ஒன்பதாம் வகுப்புப் பெண் எழுந்து, பஸ் வராத வாரத்துக்கு 'அன்பஸ்' என்று பெயர் வைத்துவிட்டாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். தம்பி விஷயம் தெரியாமல் சிரித்த சிரிப்பு அது.

உடனே பதில் எழுதுங்கள்.

அருள்மொழி

*

கள்ளக்குறிச்சி,
3-10-87

அன்புள்ள அருளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஆட்டைக் கடித்து, மாட்டைக் கடித்து, கடைசியில் மனுஷனையே கடித்துவிட்டாய். நான் என் மச்சானைக் காட்டிக் கொடுத்தேனா? அப்படி எழுத உனக்கு எப்படி மனசு வந்தது?

யாரும் அவன் பெயரைச் சொல்லவில்லை. ஜீப்பிலிருந்து இறங்கிய எஸ்.ஐ. "எவன்டா எழுதனது?" என்று கேட்டதும் அவனே கையைத் தூக்கியிருக்கிறான். "நான்தான் சார்" என்றிருக்கிறான். நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதில் நான் எங்கே வந்தேன்?

மறியலுக்குப் போகாதே என்று அவனிடம் படித்துப் படித்துச் சொன்னேன். எங்கள் தாளாளர் ஸ்டாஃப் ரூமுக்கே வந்து, "மறியல் பக்கம் எவனாச்சும் தலை காட்டினீங்கன்னு தெரிஞ்சுது, அன்னிக்கே சாவியை வெச்சிட்டு வூட்டுக்குப் போயிடலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். சனத்துக்கு நியாயம் கேட்கிறார்கள், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மூன்று பள்ளிக்கூடத்தில் தற்காலிகமாகக் கிடந்து அல்லாடிவிட்டு இப்போதுதான் ஒரு நாற்காலி கிடைத்திருக்கிறது. அவனுக்கு அதெல்லாம் எங்கே புரிகிறது? "உங்களுக்கு நாற்காலி கிடைச்சிடுச்சு மாமா, எங்களுக்கு இன்னா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனான்.

என் பேச்சை என்றைக்கு அவன் கேட்டான்? ஊர்ப் பிள்ளைகளெல்லாம் சாயங்காலம் என் டியூஷனுக்கு ஓடி வருகிறார்கள். இவன் ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒரு நாள்கூட உட்கார்ந்ததில்லை. நான் சொல்லைப் பிரித்துக் கோடு போட்டால், "மாமா தண்டவாளம் போட ஆரம்பிச்சிட்டாரு" என்று கேலி செய்துவிட்டுப் பக்கத்து அறையில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்துவிடுவான்.

போகட்டும். நீ அடுத்து, சொல்லுக்குப் பின்னால் ஒட்டுகிற 'நெஸ்' நடத்தும்போது அவசரப்படாதே. உன் அப்பா விதைக்கரும்பு வெட்டுவதை நினைத்துக்கொள். கணுவைப் பார்த்துத்தான் கரணை வெட்டுவார். கணு இல்லாத துண்டு முளைக்காது. சொல்லும் அப்படித்தான். முன்னால் ஒட்டியதற்குப் பிறகு ஒரு கோடு, பின்னால் ஒட்டுவதற்கு முன் ஒரு கோடு, நடுவில் நிற்கும் வேர்ச்சொல்லுக்கு அடியில் இரட்டைக் கோடு. அந்த இரட்டைக் கோட்டை விட்டுவிடாதே. இந்தத் தாலுகாவில் என்னைத் தவிர அப்படிப் போட்டுக் காட்டுகிறவன் எவனும் இல்லை.

கடைசியாக ஒன்று. கண்டக்டர் சொன்னார் என்கிறாய். கண்டக்டருக்கு இவ்வளவு தெரியுமா, இல்லை பக்கத்து வீட்டு ராஜாம்பாள் உனக்கு ஆள் அனுப்பிச் சேதி சொல்கிறாளா?

வெற்றிவேல்

*

வெள்ளிமலை,
8-10-87

மாமாவுக்கு,

கடைத்தெருவில் பொட்டுக்கடலை வாங்கினேன். பொட்டலம் கட்டியிருந்த பேப்பரைப் பிரித்தால் நம் கச்சிராயபாளையம் ரோடு. அறுத்துப் போட்ட புளியமரம், அதன் மேல் உட்கார்ந்திருக்கிற ஆட்கள், முன்னால் தாரில் வெள்ளையாக எழுதியிருக்கும் ரிசர்வேஷன் என்கிற இங்கிலீஷ் சொல். எண்ணெய்க் கறை பட்ட படம்தான், ஆனாலும் தெளிவாகத் தெரிகிறது. 'ரி'க்குப் பக்கத்தில் ஒரு கோடு. 'சர்வ்'க்குப் பக்கத்தில் ஒரு கோடு. 'சர்வ்'க்கு அடியில் இரட்டைக் கோடு.

ஒரு நாளும் உங்கள் டியூஷனில் உட்காராத பிள்ளை அதை எழுதினானா? உங்கள் கையெழுத்தில் நீங்களே எனக்கு எழுதியிருக்கிறீர்கள், அவன் உட்கார்ந்ததில்லை என்று. இந்தத் தாலுகாவில் அப்படிக் கோடு போடுகிறவன் வேறு எவனும் இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

அதை எழுதியது உங்கள் டியூஷன் பிள்ளைகளில் ஒருவன். யாரென்று உங்களுக்குத் தெரியும். பெரிய இடத்துப் பிள்ளையாக இருக்கும், அல்லது தாளாளருக்கு வேண்டியவனாக இருக்கும். அவன் தப்பட்டும், இளித்தவாய் மச்சான் உள்ளே கிடக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறீர்கள். அய்யப்பன் எதற்காகக் கையைத் தூக்கினான்? யாருக்காகத் தூக்கினான்? அதையாவது போய்க் கேட்டீர்களா? ஒரு தடவையாவது அவனைப் பார்க்கப் போனீர்களா?

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடாது மாமா. அந்தப் பையன் பெயரை எனக்கு எழுதுங்கள். நான் அவன் வீட்டில் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.

அருள்மொழி

*

கள்ளக்குறிச்சி,
12-10-87

அருள்மொழிக்கு,

கடலைப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு துப்புத் துலக்குகிறாயா? பேஷ். டீச்சர் வேலைக்குப் பதில் நீ சி.ஐ.டி.யில் சேர்ந்திருக்கலாம்.

டியூஷனில் உட்காராவிட்டால் என்ன, பக்கத்து அறையில்தானே படுத்துக் கிடந்தான்? நடுவில் கதவுகூடக் கிடையாது. படுத்தபடியே பார்த்துப் பழகியிருப்பான். என் பிள்ளைகள் யாரும் மறியலுக்குப் போகவில்லை. போனதாக வேறு எங்கேயும் சொல்லி வைக்காதே, அந்தக் குடும்பங்கள் என்னைச் சும்மா விடாது.

எனக்கும் கேட்க ஒன்றிரண்டு இருக்கிறது. ஒவ்வொரு லீவுக்கும் வருகிறவள் காலாண்டு லீவுக்கு ஏன் வரவில்லை? பஸ் இல்லை என்றாய். பஸ் வந்த பிறகும் வரவில்லை. உன் ஹெட்மாஸ்டர் தெய்வசிகாமணி ஹாஸ்டல் பொறுப்பையும் உன் தலையில் கட்டிவிட்டாராம், நீயும் சரி என்றாயாம். புருஷனைக் கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை. இதையெல்லாம் மூன்றாம் மனுஷர் சொல்லி நான் தெரிந்துகொள்கிறேன்.

அவனைப் பார்க்கப் போகவில்லைதான். போனால் என் பெயரும் அங்கே எழுதப்படும். வக்கீலிடம் சொல்லியிருக்கிறேன். இதற்கு மேல் இந்தப் பேச்சை எடுக்காதே.

வெற்றிவேல்

*

வெள்ளிமலை,
17-10-87

மாமா,

இந்தக் கடிதத்தைத் தனியாக இருக்கும்போது படியுங்கள்.

நேற்று ராஜாம்பாள் அக்கா மலைக்கு வந்தார். நான் ஆள் விட்டு அழைக்கவில்லை. தன்னுடைய பஸ் ஸ்டாண்ட் பழக்கடைக்குச் சீத்தாப்பழம் வாங்க வந்தவர் என்னையும் பார்த்துவிட்டுப் போக வந்தார். தம்பியை நினைத்து அழுதார். அழுதுகொண்டே உங்களைப் புகழ்ந்தார். "உன் வூட்டுக்காரரு மாதிரி ஆம்பளைய பாத்ததில்ல அருளு. மறியல் அன்னிக்கு ஸ்கூல்ல இருந்து வந்ததும் வராததுமா கெணத்தடில குந்திக்கினு பேண்ட்ட அவரே தொவைக்கிறாரு. நான் தொவைக்கிறேன் குடு சாருன்னா குடுக்க மாட்டேன்றாரு. முட்டிகிட்ட ஒரே சுண்ணாம்பு."

கைக்குட்டையைக்கூடக் கசக்கத் தெரியாத மனுஷர் நீங்கள்.

ராஜாம்பாள் அக்காவுக்கு அது என்ன சுண்ணாம்பு என்று தெரியவில்லை. போர்டில் எழுதுகிற சாக்பீஸ் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டு வந்தேன்.

பேப்பர் படத்தை என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தேன். அதைப் பார்த்துப் பூமாலை அன்றைக்கே ஒன்று சொன்னாள். "டீச்சர், இது நம்ம அட்டை எழுதுற சாருதானே?" நான் அவளை அதட்டி உட்கார வைத்தேன். ஒரு தடவைகூட உங்களைப் பார்க்காத பெண், எழுத்தை வைத்து உங்களைத் தெரிந்துகொண்டாள். உங்களோடு குடும்பம் நடத்துகிற நான் உங்கள் டியூஷன் பிள்ளைகளில் ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டிருந்தேன். அந்தக் கோடுகளைப் பார்த்த நிமிஷமே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியக்கூடாது என்று வேறு ஒருவனைத் தேடினேனோ என்னவோ.

நீங்கள்தான் எழுதினீர்கள்.

எப்படி அந்தக் கூட்டத்துக்குள் போனீர்கள், ஏன் போனீர்கள், எதுவும் எனக்குத் தெரியவில்லை. எழுதியதற்கு எனக்குக் கோபம் இல்லை. ஒரு குழந்தை உங்களுக்காகக் கையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போயிருக்கிறது, நீங்கள் கிணற்றடியில் பேண்ட் துவைத்துக்கொண்டிருந்தீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அதோடு விட்டீர்களா? என்னையே சந்தேகப்பட்டுக் கேள்வி கேட்டீர்கள். ஹெட்மாஸ்டர் தெய்வசிகாமணிக்கு வயசு ஐம்பத்தேழு, மாமா. வெட்கமாக இல்லையா?

தீபாவளிக்கு நான் வரவில்லை. நவம்பர் ஒன்பதாம் தேதிக்குள் என் தம்பி வெளியே வரவேண்டும். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் இது என் கை என்று நீங்கள் சொன்னால் வருவான். சொல்லாவிட்டால் நான் வந்து சொல்வேன். புருஷனைக் காட்டிக் கொடுத்தவள் என்று ஊர் பேசட்டும்.

அருள்மொழி

*

கள்ளக்குறிச்சி,
29-10-87

அருள்,

உன் கடிதத்தைக் கிழித்தேன். பிறகு ஒட்டவைத்து மறுபடியும் படித்தேன். தீபாவளி அன்று வீட்டில் விளக்கு ஏற்றவில்லை.

நான்தான் எழுதினேன். அன்றைக்கு வராத வாத்தியார் வரவே வேண்டாம் என்று தாளாளர் சொல்லியிருந்ததால் சைக்கிளில் கிளம்பிப் போனேன். புளியமரம் குறுக்கே கிடந்தது. சைக்கிளைத் தோளில் தூக்கி மரத்தைத் தாண்டினேன். அந்தப் பக்கம் பையன்கள் ரோட்டில் குந்தியிருந்தார்கள். பேப்பர்காரன் படம் எடுக்க வருகிறான், இங்கிலீஷில் எழுதுங்கள் என்று எவனோ சொல்லியிருக்கிறான். 'ரி' வரைக்கும் எழுதிவிட்டு, அடுத்தது என்ன என்று சண்டை. சுண்ணாம்பு வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நம் அய்யப்பன். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

நான் போயிருக்க வேண்டும். சைக்கிளில் ஒரு காலும் வைத்துவிட்டேன். பாதியில் நிற்கிற சொல்லைப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போக என்னால் முடியவில்லை அருள். போர்டில் யாராவது பாதி எழுதிவிட்டு நின்றால் எனக்குக் கை பரபரக்கும், உனக்குத் தெரியும். சைக்கிளைச் சாய்த்துவிட்டு மண்டியிட்டேன். சுண்ணாம்பு அடிக்கிற மட்டையை வாங்கி ஒரு கோடு போட்டேன், எழுதினேன், இன்னொரு கோடு போட்டேன். அடியில் இரட்டைக் கோட்டையும் போட்டேன். சுற்றி யார் நிற்கிறார்கள், எதற்கு நிற்கிறார்கள் என்பதெல்லாம் மறந்துவிட்டது.

தூரத்தில் ஜீப் சத்தம் கேட்டது. "மாமா, சைக்கிள எடுங்க, போங்க" என்றான். போனேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நேற்று ஸ்டேஷனுக்குப் போனேன். நான் சொன்னதைக் கேட்டு எஸ்.ஐ. சிரித்தார். "எழுத்த நாங்க ஒத்துப் பாத்துட்டோம் சார். மொத நாள் எழுதச் சொன்னப்போ கோடு இல்லாம எழுதினான், நம்பல. ரெண்டு நாள் கழிச்சி எழுதச் சொன்னோம், அச்சு அசலா எழுதிட்டான்" என்றார். நான் விடவில்லை. அவர் என்னை சப் ஜெயிலுக்கு அழைத்துப் போனார்.

அவன் இருந்த அறைச் சுவரைப் பார்த்தேன். செங்கல் துண்டால் சுவர் முழுக்க எழுதியிருந்தான். அன்ஹாப்பி, கைண்ட்நெஸ், அக்ரிமென்ட், மூவ்மென்ட். எல்லாவற்றுக்கும் கோடு, எல்லாவற்றுக்கும் அடியில் இரட்டைக் கோடு. என் டியூஷனில் முதல் நாள் நான் எந்தச் சொல்லில் தொடங்குவேனோ, அதே சொல்லில் தொடங்கியிருந்தான். நான் நடத்துகிற அதே வரிசை. போர்வைக்குள்ளிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான். அவன் படுத்தபடியே பழகியிருப்பான் என்று உனக்கு எழுதினேன், நினைவிருக்கிறதா? பொய் சொல்கிறோம் என்று தெரிந்தேதான் எழுதினேன். அது நிஜமாக இருந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன், எஸ்.ஐ. எதிரிலேயே.

"எதுக்கு மாமா வந்தீங்க? வேலை போயிடும்" என்றான் அவன். இளைத்துப்போயிருக்கிறான்.

எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். போர்டில் எழுதுகிற மாதிரியே எழுதிக் காட்டவும் சொன்னார்கள், காட்டினேன். அவனைச் சனிக்கிழமை விட்டுவிடுவதாகவும், அவன் பெயரில் கேஸ் இருக்காது என்றும் வக்கீல் சொல்கிறார். என் மேல்தான் இருக்கும். எனக்கு ஜாமீன் போட்டிருக்கிறார். இன்று காலை தாளாளர் வீட்டிலிருந்து ஆள் வந்து பீரோ சாவியை வாங்கிக்கொண்டு போனான்.

உன்னிடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை. நடந்தது இவ்வளவுதான். வேறு ஒன்றும் மறைக்கவில்லை.

வெற்றிவேல்

*

வெள்ளிமலை,
3-11-87

அன்புள்ள மாமாவுக்கு, அருள்மொழி எழுதிக்கொண்டது.

சனிக்கிழமை வெளியே வந்தவன் அம்மா அப்பாவைப் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் இங்கே வந்துவிட்டான். ஹாஸ்டல் சாப்பாட்டை மூன்று தட்டு சாப்பிட்டான். இன்டர்வியூவுக்கு முன்னால் அங்கே வருவான்; போட்டுக்கொள்ள உங்கள் வெள்ளைச் சட்டையைக் கேட்கிறான், மறக்காமல் கொடுத்துவிடுங்கள்.

வேறு ஒன்றும் மறைக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். இந்த ஒரு மாசத்தில் எனக்குப் புத்தி கெட்டுவிட்டது, யார் எதைச் சொன்னாலும் நம்புவதில்லை. அதனால் உங்கள் கடிதத்தை அவனிடம் கொடுத்து, எல்லாம் சரியாக இருக்கிறதா பார் என்றேன். படித்துவிட்டுச் சொன்னான்:

"எல்லாம் சரிதான்க்கா. ஒண்ண உட்டுட்டாரு. எழுதி முடிச்சிட்டு எழுந்து நின்னாரு பாரு, மட்டைய குச்சி மாதிரி புடிச்சிக்கினு ஒவ்வொரு கோடா தொட்டு, 'எல்லாரும் சொல்லுங்க'ன்னாரு. ரோடே சொல்லிச்சி. கூலி ஆளுங்க, கெழவனுங்க, கரும்பு வெட்டிட்டு வந்த பொம்பளைங்க, எல்லாம் சொல்லுது. 'இன்னொரு வாட்டி'ன்றாரு. அவரு அப்படி சிரிச்சி நான் பாத்ததே இல்ல. ஜீப்பு வருதுன்னதும் எனக்கு வேற எதுவும் தோணல. இந்த மனுசனுக்கு வாத்தியார் வேல போயிடக்கூடாதுன்னுதான் தோணிச்சி."

இதை ஏன் எனக்கு எழுதவில்லை? பயந்து ஓடியதை எழுதினீர்கள், பேண்ட் துவைத்ததை மறுக்கவில்லை, அழுததைக்கூட எழுதினீர்கள். சிரித்ததை மட்டும் மறைத்துவிட்டீர்கள். இன்னும் என்னென்ன மறைத்திருக்கிறீர்களோ, நேரில் கேட்டுக்கொள்கிறேன்.

கோபம் போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். பாதிகூடப் போகவில்லை. ஆனாலும் தம்பியை இன்டர்வியூவுக்கு அனுப்பிவிட்டு அடுத்த பஸ்ஸில் மலைக்கு வந்துவிடுங்கள். சம்பளம் கிடையாது, நாற்காலியும் ஒரு கால் ஆடுகிறது. பத்தாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுக்க ஆள் இல்லாமல் ஹெட்மாஸ்டர் தவிக்கிறார், விஷயத்தைச் சொன்னேன், "வரச்சொல்லும்மா" என்றார். சீக்கிரம் வாருங்கள். சார் எப்போது வருவார் என்று பூமாலை தினமும் கேட்டுத் துளைக்கிறாள்.

வரும்போது 'நெஸ்' அட்டைகளை எடுத்து வாருங்கள். இங்கே இருந்தவை மழையில் நனைந்துவிட்டன.

அருள்